கரம்பொன்னில் ஆறும் தேத்தண்ணி

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், கரம்பொன்னில் ஒரு வீட்டுப் படலையைத் தட்டுகிறோம், நானும் என் துணை ஊழியரும். வெள்ளைச் சட்டை, கறுத்த டை, நெஞ்சில் பெயர்ப்பட்டை. மோர்மன் கிறிஸ்தவ சபை ஊழியக்காரர் இரண்டு பேராகத்தான் போகவேண்டும். வீட்டுக்கார அக்கா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்க்கிறார்.

"புலனாய்வுப் பொலிசோ?"

"இல்லை அக்கா, சபை ஊழியம்."

நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் கதிரை போட்டு, தேத்தண்ணி கொண்டுவருகிறார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எனக்குச் சபையில் சேர்ந்ததிலிருந்து தேத்தண்ணி விலக்கு. அதைச் சொல்லி, வெறும் தண்ணீர் கேட்கிறேன்.

"எங்கட கிணறு உவர். தூரத்தில அள்ளின நல்ல தண்ணி முழுக்க இதுக்குள்ளதான்." அவர் குரல் இறுகுகிறது. "எங்கட வீட்டில குடிக்க மாட்டியளோ?"

பையிலிருந்து சபையின் துண்டுப்பிரசுரத்தை எடுத்து நீட்டுகிறேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.

"நான் தந்ததை நீங்கள் தொடேல்லை. நீங்கள் தாறதை நான் என்னெண்டு தொடுறது?"