ஆறு வாத்தியமும் ஒரு விசாவும்

ஐசலின் என்ற அமெரிக்க ஊரில், ஓக் ட்ரீ ரோட்டில், ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்த இமிக்ரேஷன் வக்கீல் ஆபீஸில் தொண்ணூறுகள் முழுக்க வேலை பார்த்தேன். சென்னையில் பி.எல். படித்தவள் நான். அமெரிக்காவில் அந்தப் படிப்புக்குக் கிடைத்த வேலைக்குப் பெயர் பாராலீகல். கேஸ் எழுதுவது நான், கையெழுத்து வக்கீல் நடராஜன் சாருடையது. இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்கள் கம்ப்யூட்டரில் பழைய கேஸைத் திறந்து பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். அவர்களுக்காக ஒரே ஒரு கேஸைச் சொல்கிறேன்.

எந்த வாத்தியம்?

எங்களுக்கு வந்ததெல்லாம் சாஃப்ட்வேர் ஆட்களின் கேஸ்கள்தான். அதற்கு நடுவே ஒரு ரஷ்ய ஜாஸ் இசைக்கலைஞரின் கேஸ் வந்து விழுந்தது. பக்கத்து நகரத்தில் மூடிக்கிடந்த ஃபர்னிச்சர் ஷோரூம் ஒன்றை நகராட்சி ஜாஸ் ஹாலாக மாற்றிக்கொண்டிருந்தது. டவுன்டவுனுக்கு உயிர் வரும் என்று நம்பினார்கள். ஹாலின் டைரக்டர் மிஸஸ் கார்ல்சன். அவர் கணவருடைய கம்பெனியின் விசா வேலைகளை நாங்கள் பார்த்து வந்ததால் இதையும் எங்களிடம் கொடுத்தார்.

இசைக்கலைஞரின் பெயர் வாதிம். பியானோ, சாக்ஸபோன், டிரம்பெட், வயலின், பாஸ், டிரம்ஸ் ஆறும் வாசிப்பார். ஒரே பாட்டுக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவார். அதைச் சைபீரியாவில் ஒரு விழாவில் கேட்டுவிட்டுத்தான் மிஸஸ் கார்ல்சன் அவரை அழைத்தார். 'அசாதாரணத் திறமை' உள்ளவர்களுக்கான விசா கேட்டு விண்ணப்பித்தோம்.

ஒரு காலை, இமிக்ரேஷனிலிருந்து கேள்வி வந்தது. இவருக்கு ஆறு வாத்தியம் தெரியும் என்று காட்டியிருக்கிறீர்கள். எந்த வாத்தியத்தில் அசாதாரணத் திறமை என்று காட்டவில்லை. அதை நிரூபிக்கவும்.

சாருக்குக் கவலையே இல்லை. "பியானோன்னு போட்டுடு வசந்தா. ஆபீசர் வீட்டுலயும் ஒரு பியானோ இருக்கும், அவருக்குப் புரியும்."

"அவரையே ஒரு வார்த்தை கேட்டுடறேன் சார்."

ரஷ்யாவுக்குப் போன் போட்டேன். நாங்கள் பேசியது ஆங்கிலம்தான், இங்கே என் தமிழில் எழுதுகிறேன். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றதும் வாதிம் சண்டை போடவில்லை. "எதைச் சொன்னா விசா கிடைக்குமோ அதைப் போடுங்க" என்றார். பிறகு, "சாக்ஸபோன்" என்றார். இரண்டு நாளில் அவரே கூப்பிட்டார். "யோசிச்சுப் பார்த்தேன், வயலின். அதைத்தான் முதல்ல கத்துக்கிட்டேன்." அந்த வாரம் முடிவதற்குள் டிரம்ஸ் என்றார். கடைசியில், "ஒண்ணு சொன்னவுடனே மத்த அஞ்சும் என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கு. நான் வரலைன்னு மிஸஸ் கார்ல்சன்கிட்ட சொல்லிடுங்க" என்று போனை வைத்துவிட்டார்.

மிஸஸ் கார்ல்சனிடம் நான் அதைச் சொல்லவில்லை. வரமாட்டேன் என்ற ஆளுக்கு நான் எழுதிய கேஸ்தான் என் வாழ்க்கையில் எழுதியதிலேயே நல்ல கேஸ். இவருடைய கலை எந்த ஒரு வாத்தியமும் இல்லை. ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது பாட்டு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் என்று எழுதினேன். அது ஆபீசர் மனதில் நிற்க வேண்டும் என்பதற்காக ஒரு வரி கூடுதலாகவும் சேர்த்தேன்: 'பியானோ மட்டும் என்றால் இவரைவிடச் சிறந்தவர்கள் இந்த நாட்டிலேயே பலர் உண்டு.'

இசைக்கலைஞர்களின் சங்கத்திடமிருந்தும் ஒரு கருத்து வாங்க வேண்டும். அங்கிருந்தவர், "இவரை எந்தப் பிரிவுல வைக்கிறதுன்னே தெரியலை. ஒப்பிட ஆள் இல்லை" என்று சலித்துக்கொண்டார்.

சாரிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதையே எழுதித் தரச் சொல்லும்மா. ஒப்பிட ஆள் இல்லைன்னா அதுக்குப் பேர்தான் அசாதாரணம்."

விசா கிடைத்தது. எதையும் விட வேண்டாம் என்றதும் வாதிமும் மனசு மாறி வந்து சேர்ந்தார். ஹால் திறப்பு விழாவுக்கு எனக்கு டிக்கெட் அனுப்பினார்கள். அன்று என் பெண்ணுக்கு ஜுரம். போகவில்லை.

பில் கொண்டு வாங்க

விசாவை நீட்டிக்க வேண்டிய நேரம் வந்தபோது ஹாலின் புது விளம்பரப் பிரசுரத்தை வரவழைத்தேன். அட்டையில் வாதிம் இருந்தார், கோட்டு சூட்டோடு. கீழே: 'இரவு உணவும் இனிய பியானோவும்.' உள்ளே முழுக்கப் புரட்டினேன். வேறு வாத்தியம் ஒன்றுகூட இல்லை.

வாதிமை ஆபீஸுக்கு வரச் சொன்னேன். மனைவி லேனாவும் கூட வந்தார். லேனாவின் விசாவில் வேலைக்குப் போக முடியாது, வீட்டில்தான் இருந்தார்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"ஹால்ல சாப்பாடு போட ஆரம்பிச்சாங்க" என்றார் வாதிம். "நான் பியானோவை விட்டு எழுந்தா, கச்சேரி முடிஞ்சுதுன்னு எல்லாரும் பில் கேட்கிறாங்க. டிரம்ஸ் வாசிச்சா பேச்சு கேட்கலைங்கிறாங்க. அதனால உட்கார்ந்த இடத்திலேயே இருங்கன்னு சொல்லிட்டாங்க."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"நல்லவங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க."

லேனா கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "வீட்டுல இவர் எதையும் வாசிக்கிறதில்லை. வயலின் பெட்டியைத் திறக்கவே இல்லை."

சாருக்கு லேனாவின் கவலையைவிடச் சட்டத்தின் கவலை பெரிதாக இருந்தது. விசா ஆறு வாத்தியத்துக்காகக் கொடுத்தது. அவர் செய்வது வேறு வேலை. பியானோக்காரர் என்று புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றால், பியானோவில் இவரைவிடச் சிறந்தவர்கள் பலர் என்று நாமே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

"யாரு எழுதினா இந்த வரியை?" என்றார்.

"நீங்கதான் சார். உங்க கையெழுத்துதான் இருக்கு."

சாரும் நானும் ஹாலுக்கு டிரைவ் பண்ணிப் போனோம். மிஸஸ் கார்ல்சன் எங்களைக் காலி மேஜை ஒன்றில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். சார் விஷயத்தைச் சொன்னதும் அவர் வருத்தப்பட்டார். உண்மையான வருத்தம்தான்.

"எனக்கும் அந்த மாதிரி வாசிச்சாத்தான் பிடிக்கும்" என்றார். "ஆனா சாப்பாடு போட்ட பிறகுதான் ஹால் நிறையுது. நிறையலைன்னா மூடிடுவாங்க. வேற வழியில்லைன்னா, இந்த ஊரிலேயே ஒரு பியானோ ஆளைப் பார்த்துக்கிறேன்."

அவ்வளவுதான். சைபீரியாவரை போய்க் கண்டுபிடித்தவரைக் காப்பி ஆறுவதற்குள் திருப்பி அனுப்பிவிட்டார். சார் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.

"அவரை அனுப்பிட்டா இமிக்ரேஷனுக்கு எழுதணும்" என்றேன். "எந்த வேலைக்காகக் கூட்டிட்டு வந்தீங்களோ அந்த வேலையைக் கொடுக்கலைன்னுதான் எழுத முடியும். நாளைக்கு வேற நாட்டிலேர்ந்து யாரையாவது கூப்பிடும்போது அவங்க அதைப் படிப்பாங்க."

படிப்பார்களா என்பது எனக்குத் தெரியாது. மிஸஸ் கார்ல்சனுக்கும் தெரியாது. அவர் சாரைப் பார்த்தார். சார், மாதக்கணக்கில் யோசித்து வைத்திருந்தவர் மாதிரி தலையாட்டினார்.

"அப்போ, சட்டப்படி அவர் ஆறையும் வாசிச்சாகணும்?"

"வாரத்துல ஒரு நாளாவது" என்றார் சார்.

மிஸஸ் கார்ல்சன் வியாழக்கிழமையைக் கொடுத்தார். ஈ கூட வராத நாள்.

வியாழக்கிழமை

முதல் வியாழக்கிழமைக்கு நானும் என் கணவரும் போனோம். ஏழெட்டு மேஜையில்தான் ஆட்கள். வாதிம் பியானோவில் ஆரம்பித்தார். பாதியில் எழுந்தார். ஒரு மேஜையில் கையைத் தூக்கி வெயிட்டரைக் கூப்பிட்டார்கள். அவர் பில்லோடு போய் நின்றபோது வாதிம் டிரம்ஸில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மேஜை காலியானது.

பிறகு அவர், ஆளுயர வயலின் மாதிரி இருந்த பாஸை எடுத்தார். எனக்கு ஜாஸ் தெரியாது, சங்கீதமே அதிகம் தெரியாது. ஆனால் பியானோவில் விட்டுப்போன ஏதோ ஒன்றை அது பொறுமையாகத் தேடுகிறது என்று மட்டும் தெரிந்தது. வயலினுக்கு வந்தபோது அதைக் கண்டுபிடித்துவிட்டார். பக்கத்து மேஜைக்காரர் முள்கரண்டியில் குத்திய மீனை வாய்க்குக் கொண்டுபோகாமலே வைத்திருந்தார். விண்ணப்பத்தில் நான் எழுதியதெல்லாம் உண்மைதான் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வக்கீல் ஆபீஸில் இது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை.

முடிந்ததும் வாதிம் எங்கள் மேஜைக்கு வந்தார். சட்டை நனைந்திருந்தது. "எங்க நாட்டுல முன்னாடி எதை வாசிக்கக் கூடாதுன்னு ஆபீசர் சொல்வாங்க. இங்க வாசிச்சே ஆகணும்னு ஆபீசர் சொல்றாங்க. நான் யாருக்கு நன்றி சொல்றது?"

"ஆபீசருக்கு இது தெரியவே தெரியாது" என்றேன். "கையெழுத்துப் போட நாளைக்கு ஆபீஸுக்கு வாங்க."

நீட்டிப்பு ஒரு கேள்வியும் இல்லாமல் வந்தது. யாரும் படித்த மாதிரியே தெரியவில்லை. வியாழக்கிழமைகளுக்கு மெல்ல மெல்லக் கல்லூரி மாணவர்கள் வந்தார்கள், ப்ரூக்ளினிலிருந்து ரஷ்யர்கள் வந்தார்கள். அடுத்த வருஷப் பிரசுரத்தில் ஆறு வாத்தியத்தோடும் வாதிமின் படம் போட்டு, 'எங்கள் டைரக்டரின் துணிச்சலான யோசனை' என்று எழுதியிருந்தார்கள்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். ஆபீசருக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஆளைச் சுருக்கி எழுதாதீர்கள். முழுசாக எழுதுங்கள். பிறகு யாராவது அவரைச் சுருக்க வரும்போது, கையில் காட்ட அந்தக் காகிதமாவது இருக்கும்.

சில வருஷம் கழித்து என் கிரீன் கார்டுக்கு சாரே விண்ணப்பித்தார். "வேலை விவரம் என்னம்மா போடறது? பாராலீகல், ஃபைலிங், டைப்பிங், போதுமில்ல?"

"கேஸ் எழுதறது, சட்டம் படிச்சுச் சொல்றது, கிளையண்ட்கிட்ட பேசறது, உங்க கூட வந்து வாதாடறது, எல்லாத்தையும் போடுங்க சார்."

"போட்டா அத்தனையும் செஞ்சாகணும், பார்த்துக்கோ."

"சம்பளத்தையும் அதுக்குத் தகுந்த மாதிரி போட்டாகணும் சார். சட்டம்" என்றேன்.