ஊசி முனை

தொண்ணூறுகளில், திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். தைக்கும்போது ஊசி உடைந்தால், எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை அந்த உருப்படி மேசையை விட்டு நகரக் கூடாது. குழந்தைகள் உடுத்துவதாயிற்றே!

அன்று செல்வியின் ஊசி உடைந்தது. தென்காசிப் பக்கமிருந்து தனியாக வந்து வேலை பார்த்த பெண். முனையை மட்டும் காணவில்லை. சட்டையை மூன்று முறை உதறினேன். காந்தத்தால் தரையைத் துழாவினேன். அவள் இடது கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில், "துணியில இல்ல அண்ணாச்சி, என் வெரல்ல இருக்கு" என்றாள்.

"மொதல்லயே சொல்றதுக்கென்ன அம்மிணி?"

"போன வாரம் பக்கத்து மிசின் அக்காவுக்கு ஊசி ஏறுனப்ப, 'எல்லாரும் பொறுத்துக்கலையா'ன்னு நீங்கதான கேட்டிய?"

ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கை ஆறியதும் ஊருக்கே போய்விட்டாள்.

அதன்பிறகு ஒவ்வொரு மிஷினாகப் போய், "வலிச்சாச் சொல்லுங்க" என்றேன். "ஒண்ணுமில்லீங்க" என்று சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். அத்தனை பேர் நடுவில் நான் தனியாக நின்றேன்.

எங்கள் ஆட்கள் பொறுமைசாலிகள் என்று முதலாளியிடம் பெருமையடித்தவன் நான். அவர்கள் என்னிடம் சொல்வதை நிறுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான்.