கண்ணாடிக்குப் போட்ட சிவப்புக் குறி

எங்கள் பழைய காரில் டிரைவர் பக்கக் கதவுக்கு வெளியே, பின்னால் வருவதைப் பார்க்க வைத்த கண்ணாடிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கதவைச் சாத்தினால் தலையாட்டும். ரோட்டில் குழி வந்தால் கவிழ்ந்துவிடும். எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டையில் குழிக்கா பஞ்சம்? மார்க்கெட் பக்கம் கையால் நிமிர்த்திவிட்டால், பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் அது தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் பூதிகோட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். காலையில் இரண்டு பஸ் மாற வேண்டும். பங்காரப்பேட்டையில் இரண்டாவது பஸ்ஸை விட்டால் முதல் பீரியட் போச்சு. அந்த முதல் பீரியட்தான் பத்தாம் வகுப்புக்கு என் பாடம். நான் வேர்க்க விறுவிறுக்க உள்ளே நுழையும்போது அறுபது பிள்ளைகளும் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு அழுகையே வரும். கார் ஓட்டக் கற்றுக்கொண்டது அதற்காகத்தான்.

முதல் டெஸ்டில் தோற்றுப்போனேன். இரண்டு கம்பங்களுக்கு நடுவே ரிவர்ஸில் வண்டியைக் கொண்டுபோகச் சொன்னார்கள். பாதி வழியில் கண்ணாடி கவிழ்ந்தது. அடுத்த நொடி வலது பக்கத்துக் கம்பமும் கவிழ்ந்தது. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றார் என் கணவர்.

அன்று அவருக்கு ரசத்தில் உப்பு போடவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னேன், அவர் நம்பவில்லை.

பழகுநர் லைசென்ஸ் முடிய ஒரே வாரம் இருந்தபோது இரண்டாவது டெஸ்டுக்குச் செவ்வாய்க்கிழமை தேதி கிடைத்தது. இதிலும் தோற்றால் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம், காத்திருப்பு, இரண்டு பஸ். அப்போதுதான் அவருக்கும் மனம் இளகியது. "கண்ணாடிய நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவர் இங்கே மண் வாரும் பெரிய வண்டிகளைச் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். தன் வேலையில் அவருக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை. அங்கே செய்த வேலையை இன்ஸ்பெக்ஷனில் பார்த்து, சரியில்லை என்றால் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். இத்தனை வருஷத்தில் அவர் வேலைக்கு ஒரே ஒரு முறைதான் அந்தக் குறி விழுந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் அவருடைய ஷிப்ட் நண்பர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வெல்டர், சொந்தமாக வெல்டிங் செட் வைத்திருந்தார். இன்னொருவர் லேத்தில் கடைசல் பிடிக்கும் டர்னர். என் கணவரையும் சேர்த்து மூவரும் ஆறடிக்குக் குறையாத ஆட்கள். பிரசங்கம் கேட்ட வெள்ளைச் சட்டையோடு காரைச் சுற்றி நின்று கண்ணாடியை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்கள்.

"இன்னாப்பா இது, தகரத்துல ரெண்டு ஸ்க்ரூ போட்டு வெச்சிக்கிறான்!" என்றார் வெல்டர். "ஓட்டை பெர்சாயி, ஸ்க்ரூ சும்மா சுத்துது. ஜாயிண்டும் தேஞ்சிக்கீது."

வேறு ஊராக இருந்தால் கொஞ்சம் பெரிய ஸ்க்ரூவும் ஒரு ரப்பர் வாஷரும் போட்டு முடித்திருப்பார்கள். இவர்கள் பாறையை முட்டித் தள்ளும் வண்டிகளைச் செய்தே பழகிய கைக்காரர்கள். கதவுக்கு உட்புறம் பத்து எம்.எம். இரும்புத் தகடு வைத்தார்கள். ஸ்க்ரூ இருந்த இடத்தில் போல்ட் வந்தது. போல்ட்டுக்கு மேல் நட்டு, அந்த நட்டுக்கு மேல் இன்னொரு நட்டு. கடைசியில், கண்ணாடி திரும்புகிற ஜாயிண்டையே அசையாமல் வெல்டு வைத்துவிடுவது என்று முடிவானது.

வெல்டு வைப்பதற்கு முன் ஒழுங்காக இன்ஸ்பெக்ஷனும் நடந்தது. டிரைவர் சீட்டில் முதலில் என் கணவர் உட்கார்ந்து பார்த்தார். பிறகு வெல்டர். பிறகு டர்னர். மூன்று பேரும் "ஓகே" சொன்னார்கள். கோணத்துக்குக் குறி போட்டு, கண்ணாடிச் சில்லைக் கழற்றி வைத்துவிட்டு, வெல்டு வைத்து, மறுபடி சில்லைப் பொருத்தினார்கள். நான் உள்ளே அவர்களுக்காகக் கோழி வறுத்துக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டர், இனிமே கார் கவுந்தாலும் கண்ணாடி நிக்கும்!" என்று வெல்டர் சொல்லிவிட்டு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார். எனக்கும் ஒரே சந்தோஷம்.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, காலையில் பயிற்சிக்காக வண்டியில் ஏறினேன். கண்ணாடியைப் பார்த்தேன். வானம் தெரிந்தது. நல்ல நீல வானம். ஓரத்தில், சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டின் உச்சி கொஞ்சம். ரோடு இல்லை, பின்னால் வரும் சைக்கிள் இல்லை, டெஸ்டில் கம்பம் தெரிய வழியே இல்லை.

என் உயரம் நாலடி பத்து அங்குலம்.

கண்ணாடியைக் கீழே திருப்பப் பார்த்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் தொங்கினேன். கார்தான் லேசாக ஆடியது. தலையணை வைத்து உட்கார்ந்தேன், போதவில்லை. இரண்டு தலையணை வைத்ததும் ரோடு அழகாகத் தெரிந்தது, ஆனால் கால் கிளட்சை எட்டவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கண்ணாடிக்காகக் கூட இல்லை. ஓட்டப்போகிறவள் நான், டெஸ்ட் எனக்கு. மூன்று பேர் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார்களே, ஒருவருக்காவது என்னைக் கூப்பிடத் தோன்றியதா? அடுப்பை அணைத்துவிட்டு வர எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

சண்டை போட்டால் அவர் ஏதாவது பழமொழி சொல்வார். அதனால் என் பையைத் திறந்து, கரும்பலகையில் வட்டம் போட வைத்திருந்த சிவப்புச் சாக்பீஸை எடுத்தேன். கண்ணாடியின் முதுகில் பெரிய பெருக்கல் குறி ஒன்று போட்டேன். மனம் ஆறாமல் கதவிலும் ஒன்று.

மதியம் மூன்று மணிக்கு முதல் ஷிப்ட் முடிந்து அவர் சைக்கிளில் வந்தார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். குறியைப் பார்த்ததும் சைக்கிளை ஸ்டாண்டு போடாமலேயே நின்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். கண்ணாடியைப் பார்த்தார், அவருக்கு எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கும். பிறகு மெதுவாக உடம்பைக் கீழே சரித்தார். தலை ஸ்டியரிங் அளவுக்கு இறங்கியதும் மறுபடி கண்ணாடியைப் பார்த்தார்.

உள்ளே வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாகிவிட்டது. "உன்ன உக்கார வெச்சிப் பாத்திருக்கணும்" என்றார். அவ்வளவுதான். சாப்பாடு கேட்காமல் மறுபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அரை மணி நேரத்தில் மூவரும் வந்துவிட்டார்கள். வெல்டர் சிவப்புக் குறியைப் பார்த்துவிட்டு, "இன்னா சிஸ்டர், ரிஜெக்டா?" என்று தலையைச் சொறிந்தார். நான் சிரிக்கவில்லை. கிரைண்டர் வைத்து ஜாயிண்டை அறுத்தார்கள். இந்த முறை சீட்டில் நான்தான். அவர்கள் மூவரும் வெளியே குந்திக்கொண்டு, "இப்போ? இப்போ?" என்று கேட்டார்கள். நான் வேண்டுமென்றே நிதானமாகப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் கீழே. இல்லை, அரைநூல் மேலே. ரோடும் பின் சக்கரமும் பக்கத்து வீட்டு வேலியும் ஒன்றாகத் தெரிந்த பிறகுதான் "ஓகே" சொன்னேன். வெல்டு வைத்து, சில்லைப் பொருத்தி முடித்ததும் ஈரத்துணியால் இரண்டு குறிகளையும் நானே துடைத்தேன்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ரிவர்ஸ் தகொள்ளி, மேடம்" என்று கன்னடத்தில் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். கண்ணாடியில் கம்பம் என் கண்ணுக்கு நேரே நின்றது. அதைவிட்டு ஒரு முழம் தள்ளி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

லைசென்ஸ் வந்த பிறகு என் முதல் பீரியட் ஒருநாளும் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் காரை அவர் ஓட்டுவார். என் உயரத்துக்கு வைத்த கண்ணாடியில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் பின் சக்கரமும் தார் ரோடும்தான். கோயிலுக்குப் போகும் வழியில் ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த ஆறடி ஆள் தோளைக் குறுக்கி, தலையைத் தாழ்த்திப் பார்த்துத்தான் திரும்புவார். "வேணும்னா மறுபடி அறுத்து மாத்திக்கோங்க" என்று ஒருமுறை சொன்னேன்.

"இன்ஸ்பெக்ஷன் ஓகே ஆன வேலைல கை வெக்கக் கூடாது" என்றார் அவர், குனிந்தபடியே.