தீர்த்தமலையில் ஒரு குண்டான் சுக்குக் காபி

சனி காலை 5.30. ஈரோட்டிலிருந்து கிளம்பிய வாடகை லாரியில் இரண்டு குதிரைகள்: என் கருப்பி, பிரபுவின் சுல்தான். சேலம், அரூர் வழியாகத் தீர்த்தமலைக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர் சொச்சம். அங்கே நெடுந்தூரக் குதிரைப் பந்தயம். பிரபுவும் நானும் ஒரே லாயத்தில் குதிரை கட்டுகிறவர்கள், பன்னிரண்டு வருட நண்பர்கள். இருந்தும் சொல்லிவிடுகிறேன், அவனைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கருப்பியை மூன்று வருடம் பாடுபட்டுப் பழக்கினேன். அவன் போன வருடம் வாங்கிய சுல்தான் நாலு பந்தயத்திலும் முந்திவிட்டது. அரூரில் பன்னிரண்டு ரூபாய் டீ குடித்தபோது கடைக்காரர்கூடச் சுல்தானைத்தான் பார்த்து, "ராசாவாட்டம் நிக்குதுங்க" என்றார். கருப்பி பக்கம் அவர் கண்ணே போகவில்லை.

முற்பகல் 11.00. தங்க இடம் கொடுத்தவர் மாதையன், மலையடிவாரத்தில் மரவள்ளி போட்டிருக்கும் விவசாயி. மாட்டுக் கொட்டகையைக் கழுவி வைத்திருந்தார். "வாங்கண்ணா, வாங்க. குதிரைங்களும் நம்ம வூட்டு விருந்தாளிங்கதான்."

மாலை 4.30. பிரபு பம்புசெட்டில் குளிக்கப் போனான். நான் கடைக்குப் போய்த் திரும்பினால், மாதையன் சுல்தான் வாய்க்கு நேரே ஒரு குண்டானைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"சுக்குக் காபிங்க. ஆற வச்சி வெல்லம் கலந்திருக்கேன். வண்டில வந்த அலுப்பு போவணுமில்ல?"

காபித் தூள் மணம் நன்றாகவே அடித்தது. பந்தயக் குதிரையின் மூத்திரத்தில் காபியின் சத்து தெரிந்தால் தகுதி நீக்கம். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தடுத்திருக்கலாம். பிரபுவிடமாவது சொல்லியிருக்கலாம். "அப்படிங்களா" என்றதோடு சரி. சுல்தான் கடைசிச் சொட்டுவரை நக்கியது. மனசு குளிர்ந்துபோனது எனக்கு.

ஞாயிறு காலை 6.00. அறுபது கிலோமீட்டர் ஓட்டம். ஓடி முடித்தால் மட்டும் போதாது. நாடித் துடிப்பு நிமிடத்துக்கு அறுபத்துநாலுக்கு இறங்கினால்தான் கால்நடை மருத்துவர் கணக்கில் சேர்ப்பார். சுல்தானுக்கு நாலே நிமிடத்தில் இறங்கியது, கருப்பிக்கு ஒன்பது. சுல்தான் முதலிடம், கருப்பி இரண்டாமிடம். நான் சிரித்துக்கொண்டே பிரபுவுக்குக் கைகொடுத்தேன். முதலிடத்துக்குப் பரிசோதனை உண்டே!

முற்பகல் 10.40. "ரெண்டாவதா வந்ததையும் கூட்டிட்டு வாங்க" என்றார் மருத்துவர் அம்மா. தாராளமாகப் பாருங்க என்று கருப்பியைக் கூட்டிப் போனேன். வைக்கோல் பரப்பிய தடுப்புக்குள், நீளக் கழியில் டப்பா கட்டிய உதவியாளர் விசில் அடித்தபடி நின்றார். விசில் கேட்டால் குதிரைக்கு மூத்திரம் வருமாம். கருப்பி உடனே பெய்தது. சுல்தான் இழுத்தடித்தது.

அந்த நேரம் பார்த்து மாதையன் எங்களுக்கு மோர் கொண்டுவந்தார். மருந்து கொடுத்திருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை என மருத்துவர் சொன்னதும் பதறினார்.

"மருந்தா? அய்யோ, அதெல்லாம் இல்லீங்கம்மா. நேத்து சுக்குக் காபி மட்டுந்தான் வச்சேன், ரெண்டுக்கும்."

"ரெண்டுக்குமா?" என்றேன்.

"பின்ன? ஒண்ணுக்கு வச்சிட்டு இன்னொண்ணைப் பாக்க வுடலாங்களா? நீங்க கடைக்குப் போனதும் உங்களதுக்குத்தான் மொதல்ல வச்சேன். இவரு குதிரைக்கு வைக்கறப்பதான் நீங்க வந்து பாத்துட்டு நின்னீங்களே!"

பிரபு என் பக்கம் திரும்பினான். "பாத்தியாடா?"

நான் கருப்பியின் கடிவாளத்தைச் சரிசெய்தேன். சரியாகத்தான் இருந்தது.

அவன் மறுபடி கேட்கவில்லை. மருத்துவரிடம், "நாங்க சொல்லி வச்சிருக்கணும் மேடம். அவர் மேல தப்பில்ல. ரெண்டு பேரும் விலகிக்கிறோம்" என்றான். மாதையன் கலங்கிப்போய் நிற்க, அவர் கையிலிருந்த மோரை வாங்கி முழுசாகக் குடித்தான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்தப் பெருந்தன்மையும் இவனுக்குத்தானா என்று அப்போதும் எனக்கு எரிந்தது.

பிற்பகல் 2.00. திரும்பும்போது பிரபு முன்னால் ஏறவில்லை, பின்னால் குதிரைகளோடு உட்கார்ந்துகொண்டான்.

"என்னாங்க, சண்டையா?" என்றார் டிரைவர்.

"அதெல்லாம் இல்லீங்க."

அரூர் தாண்டியதும் பின்பக்கச் சிறு ஜன்னல் வழியே பார்த்தேன். சுல்தானுக்கு ஒரு பிடி, கருப்பிக்கு ஒரு பிடி என்று புல் ஊட்டிக்கொண்டு வந்தான். கருப்பி அவன் தோளில் முகத்தைச் சாய்த்திருந்தது. என் தோளில் அது ஒருநாளும் சாய்ந்ததில்லை.