தபாவாவின் கன்னம்

தபாவா பானையைக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பாள். எங்கள் பட்டறையில் மற்ற எல்லோரும் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்போம். ஈரம் இருந்தால் மண் ஜில்லென்று இருக்கும், காய்ந்துவிட்டால் அந்தக் குளிர் போய்விடும். இவள் மட்டும் இரண்டு கைகளாலும் தூக்கி, கண்ணை மூடி, வலது கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு நிற்பாள். "பானைக்கு வாக்கப்பட்டவ" என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தவள் நான்தான். இந்த லாமியின் வாய் சும்மா இருக்காது என்பது எங்கள் ஊர் சுலேஜா சந்தைக்கே தெரியும்.

பட்டறை சின்னது. தகரக்கூரை, மூன்று சக்கரங்கள், பின்பக்கம் விறகுச் சூளை. கோப்பைகளையும் கிண்ணங்களையும் முதலாளி டன்ஜுமா அண்ணன் சக்கரத்தில் வனைவார். கைப்பிடி ஒட்டுவது தபாவா. பெரிய தண்ணீர் ஜாடிகளையும் அவள்தான் எங்கள் பக்கத்துப் பெண்கள் செய்கிற மாதிரி செய்வாள்: ஜாடி நின்ற இடத்தில் நிற்கும், இவள் அதைச் சுற்றிச் சுற்றிப் பின்னோக்கி நடந்து, களிமண் திரியை அடுக்கி எழுப்புவாள். ஈரம் சுண்டியதும் மூங்கில் சிம்பால் பல்லியும் மீனும் கீறுவது என் வேலை. சூளையில் முதல் சூடு முடிந்த பிறகு பளபளப்புக்காகக் கண்ணாடிப் பூச்சில் முக்கி எடுப்பதும் நான்தான். ஆனால் தபாவா "போகலாம்" என்று சொல்லாமல் ஒரு கிண்ணம்கூடச் சூளைக்குள் போகாது. பதினோரு வருடமாக அதுதான் வழக்கம்.

வேலை செய்யும்போது அவள் பேசமாட்டாள். கண் விரல்களை விட்டு நகராது. அதைத் தலைக்கனம் என்று நினைத்தேன். காலையில் கம்பங்கஞ்சி கொதிக்கக் கொதிக்க வரும். நாங்கள் முந்தானையால் பிடித்து ஊதிக் குடிப்போம், அவள் தரையில் வைத்து ஆறும்வரை காத்திருப்பாள். விரல்களில் எப்போதும் எங்கேயாவது ஒரு சூட்டுத் தழும்பு இருக்கும். அடுப்படி தெரியாதவள் என்று அதற்கும் ஒரு கேலி செய்து வைத்திருந்தேன்.

போன ஜனவரியில், பாலைவனத்திலிருந்து வரும் ஹர்மட்டான் என்ற வறட்டுக் காற்று வழக்கத்தைவிடக் கடுமையாக அடித்தது. ஊரே புழுதி. பிழிந்து போட்ட துணி அரை மணி நேரத்தில் விறைத்துப் போகும். ஆறு ஜாடிகளும் நாற்பது கோப்பைகளும் பலகையில் காய்ந்துகொண்டிருந்தன. தபாவா ஒவ்வொன்றையும் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துப் போகலாம் என்றாள். டன்ஜுமா அண்ணன் அடுக்கினார், தீ மூட்டினார். இரண்டாவது மணி நேரத்தில் சூளைக்குள் 'டொப்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

ஈரமான மண் சூட்டில் வெடித்தால் தான் மட்டும் போகாது, பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். சூளையைத் திறந்தபோது ஆறு ஜாடியும் சில்லாகிக் கிடந்தன, கோப்பைகளில் பாதி தேறவில்லை. இந்தக் காற்றில் இப்படி ஆவதுதான் என்று டன்ஜுமா அண்ணன் பெருமூச்சோடு விட்டுவிட்டார். தபாவாவால் விட முடியவில்லை. சில்லு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த ஆறு ஜாடிகள் எழும்பின, காய்ந்தன. அவள் காலையும் மாலையும் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள், போகலாம் என்று மட்டும் சொல்லவில்லை. கேட்டால் நாளைக்குப் பார்ப்போம் என்றாள். மறுநாளும் அதே நாளைக்கு. அடுக்க இடமில்லாமல் கோப்பைகள் தரைக்கு வந்துவிட்டன. பொறுத்துப் பார்த்த டன்ஜுமா அண்ணன், இனிமேல் லாமியே பார்த்துச் சொல்லட்டும் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சும்மா இருந்தேனா?

"உன் கன்னத்துக்கும் வயசாயிடுச்சுடி," என்றேன்.

அவள் கையிலிருந்த களிமண் திரியை அப்படியே போட்டாள். எழுந்து ஜாடிகள் இருந்த கொட்டகைக்குப் போனாள். பின்னாலேயே போனேன். ஜாடி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றவள் என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"எனக்கு விரல்ல ஒண்ணும் தெரியாது லாமி. சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. இருபது வருசத்துக்கு முன்னால தொழுநோய் வந்துச்சு. ஒரு வருசம் மாத்திரை சாப்பிட்டேன், சரியாப் போச்சுன்னு எழுதியே குடுத்தாங்க. விரலுக்கு உணர்ச்சி மட்டும் திரும்பல. அதான் கன்னம்."

சொல்லிவிட்டு ஜாடியின் மேல் விரல்களை ஓட்டினாள்.

"அந்த ஜாடி அத்தனையும் ஈரமா இருந்திருக்கு. என் கன்னத்துக்குத் தெரியல. இப்ப மூஞ்சிக்கும் வந்துடுச்சோன்னு பயமா இருக்கு."

கன்னத்தில் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தாளாம். தண்ணீர் தெரிகிறதாம். ஆனால் பானையின் குளிர் அதைவிட ரொம்பச் சின்னது, விரல்களிலும் முதலில் போனது சின்னக் குளிர்தான் என்றாள். பிறகு அந்த ஜாடியிலேயே கன்னத்தை ஒற்றினாள். எதுவும் தெரியவில்லை என்று தலையாட்டினாள்.

"நீ பார்த்துச் சொல்லு. உனக்கு ஜில்லுனு இருந்தா, நான் ஆஸ்பத்திரிக்குப் போயிடுறேன்."

மாத்திரை சாப்பிட்டு முடித்தவர்களிடமிருந்து அது ஒட்டாது என்று எனக்குத் தெரியும். சந்தையில் நர்ஸம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். தெரிந்து என்ன, என் கால் ஒரு அடி பின்னால் போனது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் போனது. தபாவா அதைப் பார்த்துவிட்டாள். தலைத்துணியை அவிழ்த்து, தன் கன்னம் பட்ட இடத்தை எனக்காகத் துடைக்க ஆரம்பித்தாள்.

அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. துணியைப் பிடுங்கி எறிந்தேன். அவள் இன்னும் துடைக்காத பக்கமாகப் பார்த்து என் கன்னத்தை அழுத்தி வைத்தேன்.

குளிரே இல்லை. வெயிலில் கிடந்த பலகை மாதிரி இருந்தது.

"எனக்கும் ஒண்ணும் தெரியலடி," என்றேன்.

அவள் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேசிப் புரியவைக்கிற பொறுமை எனக்கு ஏது? மண்வெட்டியை எடுத்து ஜாடியின் அடியில் ஒரு போடு போட்டேன். இரண்டாகப் பிளந்தது. வெளித்தோல் வெள்ளை வெளேரென்று காய்ந்திருந்தது. கனத்த அடிப்பாகத்தின் நடுவில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குக் கருகருவென்று ஈரம். காற்று மேலே மட்டும் உலர்த்திவிட்டு உள்ளே விட்டுவைத்திருக்கிறது. எந்தக் கன்னத்துக்கும் அது தெரிந்திருக்காது.

தபாவா குனிந்து பார்த்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். தன் கன்னத்தைத் தானே தடவித் தடவிச் சிரித்தாள், கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

ஜாடி கை தவறி உடைந்துவிட்டது என்று டன்ஜுமா அண்ணனிடம் சொல்லி, ஒரு பொழுது முழுக்கத் திட்டு வாங்கினேன். மீதி ஐந்தையும் தபாவா கவிழ்த்து வைத்தாள், அடிப்பாகத்தில் காற்றுப் படட்டும் என்று. ஐந்து நாள் கழித்து அவள்தான் போகலாம் என்றாள்.

அன்று மதியம் இரண்டு பேரும் சூளை வாயில் உட்கார்ந்து விறகு தள்ளினோம். இரண்டாவது மணி போனது, மூன்றாவதும் போனது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. நெருப்பைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்.

"அன்னிக்கு ஒரு அடி பின்னால போன."

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"போனேன்டி."

"எம் புருஷனும் அவ்வளவுதான் போனான், ஒரே அடி." இன்னொரு கட்டையை எடுத்து உள்ளே தள்ளினாள். "அவன் திரும்பி வரவே இல்ல."