கோடு கலையும்வரை மறியல்

கல்முனைக்குடிப் பள்ளிவாசலில் ஒரு மழைநாள் ஜும்ஆவுக்கு ஊர் கூடியிருந்தது. வாசலில் நனைந்து கிடந்த செருப்புகளையெல்லாம் தோணிக்கார ஆதம்பாவா குனிந்து குனிந்து பொறுக்கித் தாழ்வாரத்துக்குள் வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. பிந்தி வந்த மக்கீன் கண்டுவிட்டான். 'மனிசன் எந்தச் சோடியை அமுக்கப் பாக்கார்?' என்றுதான் அவனுக்குத் தோன்றியது. தொழுகை முடிந்ததும் ஓடிப்போய்த் தன் சோடியைத் தேடினான். காய்ந்து கிடந்தது.

அதே மக்கீனுக்குத்தான் பிறகு 1954இல், வலை போடும் முறைச் சண்டையில், ஆதம்பாவாவின் துடுப்பான சவளால் அடி விழுந்தது. இடது மணிக்கட்டு முறிந்து கோணலாகப் பொருந்தியது. வழக்கு வர எட்டு மாதம். ஆதம்பாவா குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆறு மாதமாவது மறியலுக்கு, சிறைக்குப் போவார் என்று மக்கீன் காத்திருக்க, அவருடைய வக்கீலான பிரக்கிராசியார் டாக்குத்தரின் கடிதத்தை நீட்டினார்: முள்ளந்தண்டில் நோய், முதுகு இறுகிவிட்டது, சிறை ஆளை முடித்துவிடும். நீதவான் வழக்கை ஒரு கிழமை தள்ளித் தவணை போட்டார்.

"சவள் வீசக்குள்ள இல்லாத நோய், மறியல் எண்டதும் எங்கால வந்த?" என்றான் மக்கீன், மனைவி சபூறாவிடம்.

"நோய் என்ன, ஒங்கக்கிட்டக் கேட்டுட்டா வரும்?"

அந்த வெள்ளிக்கிழமை தொழுகையில் ஓரக்கண்ணால் வேவு பார்த்தான், அல்லாஹ் மன்னிக்கட்டும். ஆதம்பாவா வரிசையில் நேராக நின்று தக்பீர் கட்டினார். அது போதும் அவனுக்கு. தவணையன்று கூண்டேறிச் சொன்னான்:

"நம்பாதீங்க ஐயா. தொழுகையில கம்பு மாதிரி நிண்டவரு. ரெண்டு கண்ணாலயும் பாத்தன்."

"குனியும்போது பார்த்தீரா?" என்று கேட்டார் நீதவான்.

"அப்ப எல்லாரும் குனியிற. நானும் குனிஞ்சிதானே ஐயா கிடந்தன்."

கோடே, நீதிமன்றமே, சிரித்தது. நீதவான் சிரிக்கவில்லை. அடித்தது அடித்ததுதான், நோய் அதைக் கழுவாது. ஆனால் இந்த உடம்புக்கு ஆறு மாதம் என்றால் அது சட்டம் சொல்லாத தண்டனையாகிவிடும் என்றார். தீர்ப்பு: கோடு கலையும்வரை மறியல், அதாவது அன்றைய நீதிமன்றம் முடியும்வரை அங்கேயே காவலில் இருப்பது; கூடவே ஒரு வருட நன்னடத்தைப் பிணை.

அதையும் ஏய்த்துவிடுவாரோ என்று மக்கீன் பின்வரிசை வாங்குப் பலகையில் குந்திக் காவல் காத்தான். ஆதம்பாவா சுவரோரம் நிமிர்ந்தபடியே இருந்தார். அந்த நிமிர்வு நடிப்பா, நோயா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

கோடு கலைந்தபோது வெளியே மழை. படியடியில் செருப்புகள் கிடந்தன. ஆதம்பாவா மறுநாளே வரிப்பத்தான்சேனைக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார். பிறகு இருவரும் முகம் பார்க்கவில்லை. ஆனால் அன்று, அந்தப் படியடியில், அவர் பொல்லை ஊன்றி, மக்கீனின் சோடியையே பார்த்தபடி நின்றார். 'இப்பயும் என்னத்துக்குப் பாக்கார்?' என்று அவன் கிட்ட வந்தான்.

"மக்கீன், ஒண்ட செருப்பு நனையிது, எடு. எனக்குக் குனிய ஏலா, மகன்."