செலோடேப் ஒட்டிய கேசட்

எட்டாம் வகுப்பில் என்னைவிடப் பெரிய மடையன் பாலக்கரையிலேயே இல்லை. நேற்று அத்தை வீட்டு டிவியில் அந்தக் காலத்துச் சினிமாப் பாட்டொன்று வந்ததும், இன்று செல்போன் கடையாகிவிட்ட பழைய ரெக்கார்டிங் கடை மூக்கில் ஏறியது: ஊதுவத்தியும் சூடான டேப்பும் கலந்த அதே புழுக்கம். இறந்துபோன மாமாவின் நாகஸ்வரம் இருந்த ஒரே கேசட்டை, யாரும் அழித்துவிடக் கூடாதென்று அத்தை விளிம்பிலிருந்த பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்து உண்டாக்கியிருந்த ஓட்டைகளைச் செலோடேப்பால் அடைத்து எடுத்துப்போய், அதன்மேல் இதே பாட்டைப் பதியவைத்தது அங்கேதான்.

மாமா ஸ்ரீரங்கம் வீதிகளில் சாமி புறப்பாட்டுக்கு வாசித்த மல்லாரியிலிருந்து வந்த மெட்டாம் இது. பாட்டைப் போடுமுன் டிவியில் சொன்னார்கள். அசலை அழித்து நகலைப் பதிந்த மேதை நான்!

கூசிப்போய், “மன்னிச்சிடுங்க அத்தை, மாமாவையே அழிச்சிட்டேன்” என்றேன்.

“வாயை மூடுடா, இந்தப் பாட்டுல அவரு நாகஸ்வரம் வாசிச்ச இடம் இப்ப வருது.”